மாரிசாமி வைத்த போஞ்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் மாரிசாமியைப் போல் கவ்வாத்து வெட்ட ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அவனைத் திட்டப் போகிறேன். கிழண்டு போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. ஒரு மலையை இருபது பேர் சேர்ந்து வெட்டினாலும் அவன் வெட்டிய நிரை மட்டும் தனியாகத் தெரியும். துரையே ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். செடிக்கு எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். கட்டிய மனைவியிடம் எந்த நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

நமுனுகுல மலைக்குக் கீழே, பசறை பஸ் போகிற பாதையிலிருந்து மேலே ஏறி வந்தால், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கிற எங்கள் லயம். என் பெயர் இராக்கம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாரிசாமி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். லயத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நூறு வயசு என்று வாழ்த்தலாம். அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டா குடியிருக்க முடியும்?

அவன் மனைவி சுபாஜினி பூனாகலைப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டு வந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் மானாப் புல்லும் கல்லும்தான் கிடந்தன. பிள்ளை வேண்டுமென்று ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏறி இறங்கி, இனி இல்லை என்று ஆன வருஷம் அவள் மண்வெட்டியை எடுத்தாள். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு சரிவில் இறங்கிவிடுவாள். கல்லைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, படி படியாகப் பாத்தி கட்டினாள். ஐப்பசி மழைக்கு லீக்ஸும் கரட்டும் போடுவாள். தை மாதத்துப் பனியில் கோவா என்கிற முட்டைக்கோஸ் உருண்டு நிற்கும். சித்திரை மழையோடு கொம்பு நட்டுப் போஞ்சிக் கொடி ஏற்றுவாள், பீன்ஸ் என்பார்களே அதுதான். ஆனி பிறந்து, ஈரமில்லாத கச்சான் காற்று வீசத் தொடங்கினால் புதிதாக எதையும் நட மாட்டாள். மானாப் புல்லை வெட்டிப் பாத்தியை மூடிவிட்டு, மிளகாய்க்கும் தக்காளிக்கும் மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். யாரும் வந்து சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு வருஷம் அழுகவிட்டு, ஒரு வருஷம் காயவிட்டு, அழுது அழுதுதான் படித்தாள்.

மாரிசாமிக்கு அதெல்லாம் வேடிக்கை. கவ்வாத்து முடித்து மத்தியானமே வந்துவிடுகிறவன், பின்வாசல் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவளைச் சீண்டுவான்.

"என்னா சுபா, கோவாவுக்குத் தலை சீவி விடுறியா? அப்புடியே பூவும் வச்சிவிடு, கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம்."

"வாயி மட்டும் இருக்கு. எறங்கி வந்து ஒரு வாளி தண்ணி தூக்குங்க பாப்போம்."

"நான் தேயிலைக்காரன். மரக்கறியெல்லாம் ஒன் டிப்பார்ட்மென்டு."

அவள் ஒரு மண்ணாங்கட்டியைத் தூக்கி அவன் பக்கம் எறிவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்க எனக்கும் நன்றாக இருக்கும்.

பிறகு அந்தப் பொல்லாத வருஷம் வந்தது. மாவுக்கும் வரிசை, எண்ணெய்க்கும் வரிசை. வீடு கட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்து, அத்திவாரம் போட்டதோடு வேலை நின்றுபோயிருந்தது. அதற்குள் புல் முளைத்து மாடு மேய்ந்தது. சுபாஜினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் குவைத்துக்குப் போகப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். மாரிசாமி குதித்தான். நான் போறேன் என்றான். கவ்வாத்துக்காரனுக்குக் குவைத்தில் என்ன வேலை இருக்கிறது, அங்கே என்ன தேயிலையா வைத்திருக்கிறார்கள்?

அவள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், கார்த்திகைத் தூறலில், இரண்டு பேரும் பாத்தியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாத்தியில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க, ரெண்டு வருசம்தான். செவரு எழும்பினாப் போதும், வந்துருவேன். வந்த பொறகு மலைக்கும் போகமாட்டேன், வெளிநாட்டுக்கும் போகமாட்டேன். இந்தப் பாத்திய ஓடை வரைக்கும் எறக்கி, அலவி நானாவுக்குக் காய் குடுத்தே பொழைச்சிக்குவோம். அதுவரைக்கும் இதைச் சாகவிட்றாதீங்க."

"சரி, சரி."

"என்னா சரி? சித்திரையில என்னா போடணும், சொல்லுங்க."

"அதெல்லாம் தெரியும் புள்ள. நீ பத்திரமாப் போயிட்டு வா."

அலவி நானா என்பவர் பதுளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவர். வாரத்துக்கு ஒருமுறை சின்ன லொறியில் தோட்டம் தோட்டமாக வந்து காய் எடுப்பார். எங்களிடம் விதை விற்பதும் அவர்தான்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று மாரிசாமி அடுப்பே மூட்டவில்லை. நான் இரண்டு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பலைத் தொட்டுக்கொள்ளாமல் வெறும் ரொட்டியைத் தின்றான். "ரெண்டு வருசம் ஓடிரும்லக்கா?" என்று கேட்டான். ஓடிவிடும் என்றேன். அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். இரண்டு வருஷம் முடிந்ததும் அவள் வர வேண்டும், வந்தவள் திரும்பிப் போகக் கூடாது. இதில் நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசையில் ஒரு பொட்டுக் கள்ளமில்லை.

ஆசை இருந்து என்ன செய்வது, முதுகு வளைய வேண்டாமா? அவள் நட்டுவிட்டுப் போன லீக்ஸையும் கரட்டையும் பிடுங்கித் தின்றான். தையில் அவள் வைத்த கோவா உருண்டது, அதையும் வெட்டிக் கறி வைத்தான். வெறும் பாத்தி வெறும் பாத்தியாகவே கிடந்தது. சித்திரை மழை பெய்தபோது லயத்துக் கோடியில் கார்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். "கொம்பு நடலியா தம்பி?" என்று கேட்டால் "நாளைக்குக்கா" என்பான். அந்த நாளை வராமலே ஆனி வந்துவிட்டது.

கச்சான் காற்றைச் சும்மா காற்று என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். உதடு வெடிக்கும், துணி காய்வதற்குள் கொடியோடு பறந்துவிடும். தேயிலைக்கு அது நல்ல காலம், தேத்தண்ணிச் சாயத்துக்கு மணம் வருகிற காலம் என்பார்கள். பாத்திக்கு அது எமன். என் பாத்தியைப் புல்லால் மூடி, சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி எப்படியோ பிழைக்க வைத்தேன். அவன் பாத்தியில் சுபாஜினி விட்டுப்போன மிளகாய்ச் செடிகூட விறகாகிவிட்டது. எனக்கு வயிறெரிந்தது. அவள் கல் கல்லாக அடுக்கிய மண் அது.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என் பாத்தி ஓரத்துப் பாறைதான். லயத்துச் சண்டை, சமாதானம், பெண் பார்க்கிற பேச்சு எல்லாம் என் கத்தரிச் செடிகளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சுபாஜினிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அன்று பின்னேரம் மாரிசாமி தலை வாரிக்கொண்டு பாறைக்கு வந்துவிடுவான். முதலில் வெறும் பேச்சுதான். ஆடி மாதத்தில் ஒருநாள், அவள் வேலை செய்கிற வீட்டில் வைஃபை கொடுத்தார்கள் என்று வீடியோ கோல் எடுத்தாள்.

நான் கூடையோடு பாத்திக்கு வந்தேன். பார்த்தால், மாரிசாமி என் தக்காளிச் செடிக்கு நடுவில் குந்திக்கொண்டு போனைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

"இந்தா பாரு சுபா, நம்ம தக்காளி. இந்தா, நம்ம மொளகா. நல்லாத் தெரியுதா?"

"அய்யோ, கச்சான்லயும் பச்சையா வச்சிருக்கீங்களே! கொஞ்சம் தள்ளி நின்னு முழுசாக் காட்டுங்க."

"தள்ளி நின்னா சிக்னல் போயிரும் புள்ள."

நிமிர்ந்தான், என்னைப் பார்த்தான். முகம் செத்துப்போய்விட்டது. போனைப் பிடித்த கையை அசைக்காமல், மற்றக் கையால் கும்பிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கூடையாலேயே மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். போனுக்குள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடையைக் கீழே வைத்தேன்.

கோல் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, அது என் தக்காளியா, ஒன் தக்காளியா?"

"அக்கா, ஒங்க கால்ல விழுறேன், சத்தம் போடாதீங்க."

"பொஞ்சாதிக்கிட்டப் பொய்யச் சொல்லி என்னாத்த அள்ளப் போற?"

"பாத்தி செத்துப்போச்சின்னு தெரிஞ்சா அவ வரமாட்டாக்கா. திரும்பி வந்தா பொழைக்கிறதுக்கு இது ஒண்ணுதான் வழின்னு சொல்லிட்டுப் போனா. இதுவும் இல்லேன்னா எதுக்கு வருவா? அங்கனயே இருந்துருவா." பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டான். "சித்திரையில போஞ்சி நல்லாக் காய்ச்சிச்சின்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

கேட்டதும் என் ஆத்திரம் பாதி இறங்கிவிட்டது. தக்காளியைக் காட்டினால் தக்காளி குறையவா போகிறது, காட்டித் தொலை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெட்கம் அவனைச் சும்மா விடவில்லை. புரட்டாசியில் முதல் இடி இடித்த அன்றே சரிவில் இறங்கிவிட்டான். கார்ட்ஸ் கூட்டம் வந்து கூப்பிட்டுப் பார்த்து, பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டது. சரிந்து கிடந்த கல்லையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்கினான். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிப்போகாமல் வெட்டுவார்களே கான், அதுபோல் ஒவ்வொரு பாத்திக்கும் மேலே சாய்வு பார்த்துக் கான் வெட்டினான். அந்தக் கார்த்திகையில் பேய் மழை. என் பாத்தியில் பாதி ஓடையோடு போய்விட்டது. அவன் பாத்தியில் ஒரு கை மண் போகவில்லை. நானே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்யா நீ" என்று சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டு சிரித்தான்.

கான் வெட்டத் தெரிந்தவனுக்குக் கரட் போடத் தெரியவில்லை. நெருக்கி விதைத்து, முளைத்ததில் பாதியைக் களைந்து விடாமல் விட்டான். கரட்டெல்லாம் கால் பிரிந்து, பின்னிக்கொண்டு, குழந்தை விரல் மாதிரி வந்தது. சுபாஜினியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எப்படிக் கேட்பான்? சித்திரையிலேயே எல்லாம் விளைந்தது என்று சொன்னவன், இப்போது விதை எப்படித் தூவுவது என்று கேட்க முடியுமா? தெரிந்த ஒரே ஆளிடம் கேட்கிற வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டிருந்தான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

"பரவாயில்லக்கா," என்றான், "சித்திரையில போஞ்சி போட்டு நெசமாவே காட்டுறேன். அவ வர்ற நேரம் அலவி நானா லொறி நம்ம வாசல்ல நிக்கணும்."

சித்திரை வந்தது, மழையும் நேரத்துக்கு வந்தது. அலவி நானாவிடம் நல்ல விதையாகப் பார்த்து வாங்கினான். கொம்பு நட்ட நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே, நூல் பிடித்த மாதிரி. விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் ஒரு காரியம் செய்தான் பாருங்கள். தேயிலைக்கு உரம் போட்டு முடிந்த மலையில், சாக்கு அவிழ்த்த இடங்களில் சிந்திக் கிடந்த உரத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து போஞ்சிக்குப் போட்டான். கொஞ்சமா நஞ்சமா, வாரா வாரம்.

"தம்பி, அது தேயிலை ஒரம். போஞ்சிக்கு இம்புட்டுப் போடாத" என்றேன்.

"அக்கா, முப்பது வருசமாச் செடியோட கெடக்கிறவன் நான். எலை நல்லா வந்தாச் செடி நல்லா இருக்குன்னு அர்த்தம். பொறகு எல்லாம் தன்னால வரும்."

"தேயிலைக்கு எலைதான்யா காசு. போஞ்சிக்கு?"

"ஒங்களுக்குப் பொறாம" என்று சிரித்தான். மறுபடியும் சொன்னேன், கேட்கவில்லை. கொடி கொம்பைத் தாண்டி ஆடியபோது, அதன் தலையையும் கத்தியால் மட்டமாகச் சீவிவிட்டான். கேட்டால், அப்போதுதான் பக்கத்துக் கிளை வெடித்து நன்றாகப் படருமாம். தேயிலையை மட்டம் வெட்டுகிற கை, அது வேறு என்ன செய்யும்?

நன்றாகத்தான் படர்ந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், உள்ளங்கை அகலம் இலை, கறுப்பு ஓடிய பச்சை. கொம்பே தெரியவில்லை. சரிவு முழுக்கப் பச்சைப் பசேல் என்று ஓடை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. கொழுந்தெடுத்துவிட்டு வருகிற பெண்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கணக்குப்பிள்ளை ஒருநாள் இடுப்பில் கைவைத்து நின்று, "மாரிசாமி, இப்புடி ஒரு எலை நம்ம மலையில வந்தா நான் ஏன்யா பேச்சு வாங்குறேன்?" என்றார். நாங்களெல்லாம் பரம்பரையாக இலையைப் பார்த்துப் பிழைத்த சனம். இலையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடுகிறது. மாரிசாமி அந்த நாட்களில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாறைமேல் ஏறி நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, முதல்முறையாகத் தன் சொந்தப் பாத்தியை முழுசாகக் காட்டினான். பொய்யில்லை, கள்ளமில்லை, அவன் வியர்வை சிந்தி வளர்த்ததுதான். நான் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா? ஓடை வரைக்கும் எறக்கிட்டேன். எல்லாம் போஞ்சி."

கோல் அறுந்துவிட்டதோ என்று அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கையிலகூட இப்புடி இருந்ததில்லையே" என்றாள்.

"பின்ன? தேயிலைக்காரன்னா சும்மாவா?"

"ம்ம்." பிறகு கேட்டாள். "அப்ப நான் இல்லாமலே அங்க எல்லாம் நடக்குது, இல்லையாங்க?"

எனக்கு மண்வெட்டி கையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலில் இருந்தது ஒரு பெண்ணுக்குத்தான் கேட்கும். மாரிசாமி, சொல்லித் தொலைடா, நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று சொல்லடா என்று என் வாய் வரைக்கும் வந்தது. புருஷன் பெண்டாட்டி பேச்சில் நான் எப்படி நுழைவது?

அவனோ வாயெல்லாம் பல்லாக, "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத புள்ள. எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னாள். வேலை செய்கிற வீட்டு எஜமானி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இவளும் சொல்கிறேன், சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வந்தாளாம். இந்த வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அங்கதான் எல்லாம் நல்லா இருக்கே. நான் வந்து என்னா செய்யப் போறேன்? கூரையும் ஜன்னலும் முடிச்சிட்டே வந்துர்றேன்."

மாரிசாமி "சரி" என்றான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாறையிலிருந்து இறங்கி, போஞ்சிக்குள் போய் நின்றான். கொடி ஆளை மறைத்துவிட்டது. எவ்வளவு நேரம் அங்கே நின்றானோ, நான் வீட்டுக்கு வரும்வரைக்கும் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு நப்பாசையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் வருகிறபோது வரட்டும், காயாவது விற்று, அவள் காசில் எழும்பிய சுவருக்குமேல் நாலு தகரம் வைத்தால் அவள் சீக்கிரம் வரலாம் என்று என்னிடம் சொன்னான். ஆனி பிறக்கிற சமயம் அலவி நானாவின் லொறி வந்தது. வரச் சொல்லியிருந்தவனும் இவன்தான். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். ஒரு கொடியை விலக்கினார், அடுத்ததை விலக்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வளைந்த, புழு மாதிரி நாலு பிஞ்சு. வேறெதுவும் இல்லை.

"என்ன மாரிசாமி இது, போஞ்சியா, தேயிலையா?" என்றார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். "பூவே இல்லையே மனுசன். உரத்தக் கூட்டிப் போட்டு இலைக்கு வெறி புடிக்க வெச்சிட்டியே. இனி இது காய்க்கப் போறல்ல. கச்சானும் தொடங்கிட்டு."

நான் சொன்னபோது பொறாமை, நானா சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "புரட்டாசிக்கு வேற விதை தாரேன், கவலைப்படாத" என்று தோளைத் தட்டிவிட்டு வெறும் லொறியோடு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மாரிசாமி தலை வாரவில்லை. மலையிலிருந்து வந்த அழுக்குச் சட்டையோடு பாறைக்கு வந்தான். நான் பாத்தியை மூட மானாப் புல் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவன் பொருட்படுத்தவில்லை. காற்று வேறு சத்தமாக வீசியது. அவன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அவளும் கத்தித்தான் பேசினாள்.

"சுபா, காய் இல்ல. எல்லாம் வெறும் எலைதான்."

"என்னாது?"

"போஞ்சி காய்க்கல. போன வருசம் ஒண்ணுமே போடல நான். பாத்தி செத்தேபோச்சி. ஒனக்குக் காட்டினது ராக்கக்காவோட தக்காளி."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது. "போஞ்சிக்கு என்னா ஒரம் போட்டீங்க?"

"தேயிலைக்குப் போடுறது."

அவள் சிரித்தாள். நான் காதால் கேட்டேன், அது சிரிப்புத்தான். "அட மனுசா, எலையத் திங்கிறதுக்கா நாம போஞ்சி வைக்கிறோம்?" என்றாள். அடுத்த மூச்சிலேயே அழுதுவிட்டாள். "ஏன் சொல்லல? ஒரு வார்த்த ஏன் என்கிட்ட சொல்லல?"

"பாத்தி இல்லேன்னு தெரிஞ்சா நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"பாத்தியப் பாக்கவா வாறேன்னு சொன்னேன்? இங்க வாறவங்க எல்லாரும் வருசத்துல திரும்பிப் போறாங்க, வீட்டுல முடியல, வந்துருன்னு கூப்பிடுறாங்க. நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொன்னீங்க. அன்னைக்குப் பச்சப் பசேல்னு காட்டுனீங்க. நான் வாய்விட்டுக் கேட்டேன்ல? நான் இல்லாமலே நடக்குதான்னு கேட்டேன்ல? இல்ல புள்ள, வந்துருன்னு சொல்லியிருந்தாக் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டேன். டிக்கெட்டுக் கேட்டிருப்பேன்."

"இப்ப மாத்த முடியாதா?"

"முடியாதுங்க."

உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் கொடியெல்லாத்தையும் புடுங்கி மாட்டுக்காரங்களுக்குக் குடுத்துருங்க. மண்ணு காயாமப் புல்லப் போட்டு மூடுங்க. புரட்டாசிக்கு என்னா போடுறதுன்னு நான் சொல்றேன்" என்றாள்.

மாரிசாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சுபா, நீ இல்லாம முடியலடி. வந்துரு."

அவள் போய்விட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குங்க" என்றாள்.